கப்பலேறிய ‘இங்கன’

என் முதல் கப்பல் பயணம் ஒரு தேர்வாகவே ஏற்பாடு செய்யப்பட்டது. தேர்வு எழுதவேண்டியவள் நான். மதிப்பெண் இடவேண்டியவர் என் அத்தை. முடிவை அறிவிக்கவேண்டியவர் அப்பா.

தொண்ணூறுகளின் நடுவில், நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்திருந்த கோடைக்காலம் அது. சென்னையில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். அப்பாவுக்கு என் படிப்பின்மீது ஐயம் ஏதும் இருந்ததில்லை. என் வாயின்மீதுதான் ஐயம்.

“ஜங்ஷன்ல பஸ் ஏறுதா. நம்ம ஸ்டாப் வந்தா, கண்டக்டர்ட்ட ‘இறக்கம்’னு ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டுட்டு, அடுத்த ஸ்டாப்புல இறங்கி வெயில்ல நடந்து வாரா. இவ பட்டணத்துல போயி என்னத்தச் செய்வா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அடுத்த நிறுத்தம் என்று அவர் சொன்னது என்மீது கொண்ட அன்பினால். அதற்கும் அடுத்த நிறுத்தம்வரை நான் போன நாள்களும் உண்டு. பாளையங்கோட்டையின் பாதித் தெருக்களை நான் அறிந்துகொண்டது இவ்வாறுதான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் அக்காள், அதாவது என் அத்தை, அலுவலகத் தோழிகளோடு கப்பலில் இலட்சத்தீவு போய்வரத் திட்டமிட்டார். கொச்சியில் ஏறி, இரண்டு தீவுகளைப் பார்த்துவிட்டு, மீண்டும் கொச்சியில் இறங்கும் சிறு பயணம். வீட்டார் ஒருவரையும் உடன் அழைத்துக்கொள்ளலாம். அத்தை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தார். அவர் குரலைக் கேட்டவர்கள், அவருக்கு எதற்குத் தொலைபேசி என்று வியந்ததுண்டு. மாமா முதலிலேயே கழன்றுகொண்டார். “திருச்செந்தூர்ல கோயில் வாசல்ல நின்னு அலையப் பாத்தாலே எனக்குக் கிறுகிறுன்னு வரும். கப்பலுக்கு வேற ஆளப் பாரு” என்று சொல்லிவிட்டார். அந்த வேறு ஆள் நான்.

அப்பா அத்தையிடம் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்பட்டது. “யக்கா, நாலு பேருக்கு நடுவுல இவ எப்படி இருக்கான்னு பாரு. கூட்டிக் குறைக்காம உள்ளத வந்து சொல்லு. பொறவு மெட்ராஸ் விசயத்த முடிவு பண்ணுவோம்.”

“நான் பாத்துச் சொல்லுதேன் தம்பி. மருமவளே, துணிமணிய எடுத்து வை” என்றார் அத்தை.

தேர்வென்றால் தயாரிப்பு வேண்டும் அல்லவா? நான் தயாரித்தேன். தோணி, அம்பி, கலம், வங்கம், நாவாய் என்று நம் மொழியிலுள்ள பழைய சொற்களையெல்லாம் எடுத்துவைத்து, நான் ஏறப்போகும் கப்பலுக்கு அவற்றுள் எது பொருந்தும் என்று ஒரு வாரம் ஆராய்ந்தேன். வங்கம் என்ற முடிவுக்கு வந்தேன். அதில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்பதைப் பற்றி எதுவும் படிக்கவில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திச் சேலைகளை எடுத்துவைத்தேன். பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வுக்கும் அவற்றில் ஒன்றைத்தான் உடுத்தியிருந்தேன்.

அந்த வாய்மொழித் தேர்வைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘இங்கன’ என்றால் இங்கே, ‘அங்கன’ என்றால் அங்கே, ‘எங்கன’ என்றால் எங்கே. என் முதுகலை ஆய்வேடு இந்தச் சொற்களைப் பற்றியது. அதில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. மலையாளத்தில் ஏறக்குறைய இதே ஒலியுள்ள சொற்கள் இடத்தைக் குறிக்கமாட்டா, விதத்தைக் குறிக்கும், அவர்களுக்கு ‘இங்ஙனெ’ என்றால் ‘இப்படி’, ‘எங்ஙனெ’ என்றால் ‘எப்படி’ என்பது அதன் சாரம். தேர்வாளர் அந்த அடிக்குறிப்பை விரலால் தொட்டு, “இது நல்ல அவதானிப்பு” என்றார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். நாகர்கோவில் வழியாக ரயில் கேரளத்துக்குள் நுழைந்தபோது அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. கப்பலில் மொழிச் சிக்கல் ஏதும் எழுந்தால் தீர்த்துவைக்க நான் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். வழக்கம்போல, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா எங்களோடு ஒரு வெள்ளைக் கேன் நிறையத் தாமிரபரணித் தண்ணீரையும் அனுப்பியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூருக்குத் தண்ணீர் சுமப்பது மற்றவர்களுக்கு வேடிக்கை. எங்களுக்கு அது துணிமணி எடுத்துவைப்பதைப் போன்றது. “வேற ஊருத் தண்ணி இவ தொண்டைல எறங்காது” என்று அம்மா சொல்ல, அத்தை அந்தக் கேனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ரயிலில் அதற்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. சற்று நகரும்படி அருகில் இருந்தவரிடம் கேட்டிருக்கலாம்.

கொச்சியில் பிற்பகலில் ஏறினோம். அது சிறிய கப்பல்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது நான்கு மாடிக் கட்டடமாகத் தெரிந்தது. துறைமுகத்தைத் தாண்டும்வரை நான் மேல்தளத்தின் கம்பியைப் பிடித்தபடி, எழுதத்தக்க உணர்ச்சி ஏதேனும் தோன்றுகிறதா என்று எனக்குள் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோன்றியது. அது எழுதத்தக்கதாக இல்லை.

“என்னட்டி, மூஞ்சி பச்சையா இருக்கு? வாந்தி வருதா?” என்றார் அத்தை.

இல்லை என்று தலையசைத்தேன். தலையை அசைத்தது தவறு.

“வருதுன்னா வருதுன்னு சொல்லு! அதுக்கும் வாயத் தொறக்கணும்லா!”

நான் வாய் திறக்கமாட்டேன் என்ற அப்பாவின் புகார் அன்று மாலை பலமுறை பொய்த்தது. அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் நின்ற தோழிகளிடம், “ஒரு கொறையும் இல்லாம நல்லாப் படிக்கிற பிள்ளை” என்று தொடங்கி என் வாழ்க்கை வரலாறு முழுவதையும் சொல்லி முடித்தார். நான் கம்பிக்கு வெளியே குனிந்திருந்ததால் எதையும் திருத்த முடியவில்லை.

சற்றுத் தெளிந்தபின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். நாங்கள் மீனைக் கண்டாலே இலையை மூடிக்கொள்ளும் சைவ வீட்டார். அத்தை தோழிகளோடு ஒரு மேசையில் உட்கார்ந்துவிட, இடமில்லாமல் நான் அடுத்த மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் வருவதற்குள் மனத்தில் ஒரு வாக்கியத்தை அமைத்தேன். ‘எனக்குச் சைவ உணவு வேண்டும்.’ இது சற்று அதிகாரமாக ஒலித்தது. ‘சைவ உணவு கிடைக்குமா?’ இதில் கெஞ்சல் தெரிந்தது. ‘சைவ உணவு இருந்தால் தரலாம்’ என்பதில் ஒரு நடுநிலை இருந்தது. எழுவாய் இல்லாத குறையை எவ்வாறு நிறைவு செய்யலாம் என்று யோசித்து நிமிர்ந்தபோது, என் தட்டில் மீன்குழம்பு இருந்தது. பரிமாறுபவர் மூன்று மேசைகள் தள்ளிப் போயிருந்தார்.

ரொட்டியை மட்டும் பிய்த்து, குழம்பு படாத ஓரங்களைத் தேடித் தின்றுகொண்டிருந்தேன். அத்தை அடுத்த மேசையிலிருந்து இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் இருப்பது அரிது என்பதால், அது அப்பாவுக்காகச் சேமித்துவைக்கப்படுகிறது என்று புரிந்துகொண்டேன். சென்னை எனக்கு அன்று ஒரு முழம் தள்ளிப்போனது.

மறுநாள் காலையில் முதல் தீவு தெரிந்தது. கரையருகே ஆழம் போதாதென்பதால் கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது. தீவிலிருந்து சிறு படகுகள் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு. அதன் கீழே சிறிய இரும்பு ஏணி. ஏணிக்குக் கீழே, ஒரு நொடி மேலே எழும்பி மறுநொடி கீழே அமிழும் படகு. எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். கஞ்சி போட்ட சேலையின்மேல் அதை மாட்டிக்கொண்டபோது, நான் மனிதர் பார்க்கும் தோற்றத்தில் இல்லை என்பதை உணர்ந்தேன்.

அத்தை எனக்கு முன்பே இறங்கிவிட்டார். ஏணியின் மேல் ஒருவர், கீழ் ஒருவர் என இரண்டு பணியாளர்கள் கைகொடுக்க, நடுவில் நின்று இருவரிடமும் ஊர் விசாரித்தபடியே இறங்கி, தண்ணீர்க் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து நான். மேலே நின்றவர் எனக்கும் கையை நீட்டினார். அந்நிய ஆடவரின் கையைப் பிடிக்கத் தயங்கி, கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

படகில் நின்ற படகோட்டி என்னைப் பார்த்து, “இங்ஙனெ, மோளே, இங்ஙனெ!” என்றார். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

இன்று அமைதியாக எழுதும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. ‘இப்படித் திரும்பி, கப்பலைப் பார்த்தபடி, ஏணியைப் பிடித்து இறங்கு’ என்று அவர் செய்து காட்டினார். அடிக்குறிப்பு எழுதியவளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஆனால் கதவின் விளிம்பில் நின்றிருந்தவள் அடிக்குறிப்பு எழுதியவள் இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அவள் காதில் விழுந்தது ‘இங்கே’ என்பதுதான். இங்கே வா என்று கூப்பிட்டுவிட்டு ஏன் முதுகைக் காட்டுகிறார்? ஏணியில் இறங்கும் பெண்ணைப் பார்க்கக்கூடாதென்ற மரியாதை போலும் என்று வியந்து, மனத்துக்குள் அவரைப் பாராட்டவும் செய்தேன். ஏணியை விட்டுவிட்டு, அவர் நின்ற இடத்தை நோக்கி முழங்காலை மடக்கினேன்.

அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துப் பதறினார். “சாடல்லே! சாடல்லே!”

குதிப்பதை எங்கள் தெற்கில் ‘சாடுவது’ என்றும் சொல்வோம். அம்மா பிறந்த வள்ளியூர்ப் பக்கம் அது இன்னும் அதிகம். மலையாளத்தில் ‘சாடல்லே’ என்றால் ‘குதிக்காதே’. எனக்குக் கேட்டது ‘சாடுலே!’ படித்த பெண்ணைப் பார்த்து, ஆண்பிள்ளையைக் கூப்பிடுவதைப்போல ‘லே’ போடுகிறாரே என்று எனக்கு மனவருத்தம் ஏற்பட்டது. அந்த மனவருத்தம் முழுமையடைந்தபோது நான் காற்றில் இருந்தேன்.

விழுந்தது தண்ணீர்க் கேன்மீது. கேன் பிளந்து, என் சேலையை நனைத்து, அத்தையின் செருப்பைக் கடந்து, படகின் அடிப்பலகை முழுவதும் தண்ணீர் ஓடியது. படகோட்டி ஒரு தகரக் குவளையால் அதை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்கே போய்க் கடலில் கலந்துகொண்டிருந்த தாமிரபரணி, என்னால் அன்று அரபிக்கடலிலும் கலந்தது.

படகில் இருந்தவர்கள் முதலில் அடிபட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

“ஏட்டி, அவ்வளவு பெரிய ஏணி நிக்கி. ஏன்ட்டி சாடுன?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதாயின், ‘இங்ஙனெ’ என்பதன் பொருளைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால், அதைப் பற்றி நானே எழுதியிருப்பதையும் சொல்லவேண்டும். தான் எழுதியதைத் தானே மறந்து படகில் குதித்தவள் என்று அறியப்படுவதைவிட, காரணமின்றிக் குதித்தவள் என்று அறியப்படுவது கௌரவமாகத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

தீவில் அன்று பகல் முழுவதும் கண்ணாடிபோன்ற தண்ணீரையும் வெள்ளை மணலையும் எல்லாரும் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். அத்தை ஒவ்வொரு தென்னை மரத்தடியிலும் ஒவ்வொரு தோழிக்குக் கதை சொன்னார். “எங்க வீட்டுப் பிள்ளை சத்தமாப் பேசமாட்டா. ஆனா சாடுவா.” இந்த வாக்கியத்தின் அமைப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேலை காய்ந்தபோது கஞ்சி முழுவதும் போய்விட்டிருந்தது. சென்னை என் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

அடுத்த நாள் இரண்டாவது தீவு. காற்று சற்று வலுத்திருந்தது. படகு முந்தைய நாளைவிட உயரமாக எழுந்து விழுந்தது. இம்முறை நான் முதலில் இறங்கினேன். மேலே நின்றவரின் கையைப் பிடித்தேன். கப்பலைப் பார்த்துத் திரும்பினேன். ஏணியை விடாமல் பிடித்து இறங்கினேன். இப்படி, இப்படி, இப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தத் தீவின் படகோட்டி, “மிடுக்கி!” என்று பாராட்டினார். கெட்டிக்காரி என்று பொருள். அதற்கும் ஓர் அடிக்குறிப்பு எழுதலாம் என்று எண்ணியபடி உட்கார்ந்தேன்.

அடுத்து அத்தை கதவருகே வந்தார். முந்தைய நாள் மேலும் கீழும் இரண்டு பணியாளர்கள் பிடித்து இறக்கிவிட்டதால், அவர் தாமாக எதையும் செய்யவேண்டியிருக்கவில்லை. இன்று ஏணியின் கீழே நிற்க ஆளில்லை. மேலே நின்றவர், தடுமாறிய ஒரு குழந்தையைத் தூக்குவதற்காக உள்ளே திரும்பியிருந்தார். படகோட்டி அத்தையை நிமிர்ந்து பார்த்து, “இங்ஙனெ, சேச்சி!” என்று சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக் காட்டினார்.

“இங்கனயா? இந்தா வாரேன்” என்றார் அத்தை. சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகினார்.

படகோட்டி இரண்டு கைகளையும் உயர்த்தினார். “சேச்சி, சாடல்லே!”

“சாடத்தாம்லே போறேன். பொறு!”

அந்நேரம் அலையொன்று படகைக் கப்பலிலிருந்து விலக்கியது. இடையில் ஓர் ஆள் விழுமளவுக்குக் கரிய நீர் தெரிந்தது. அத்தையின் பார்வை படகோட்டியின்மீது இருந்தது. அந்த நீரின்மீது இல்லை. ஒரு கால் விளிம்பைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. முந்தைய நாளே நான் காரணத்தைச் சொல்லியிருந்தால், அத்தைக்கு இது தெரிந்திருக்கும்.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, மிக உரத்து, நாகரிகமற்று ஒலித்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்க எண்ணினேன். என் தொண்டை வலித்ததிலிருந்து அது என்னுடையது என்று அறிந்தேன்.

“அத்தை, சாடாதிய! இங்கனன்னா இங்க இல்ல, இப்படி! மலையாளத்துல அது இடத்தைக் குறிக்காது! விதத்தைக் குறிக்கும்! திரும்புங்க!”

ஆபத்தில் இருக்கும் ஒருவரிடம் எவரும் சொல்லும் வார்த்தைகள் அல்ல அவை. ‘நில்லுங்க’ என்ற ஒரு சொல் போதுமானது. எனக்கு வந்தது அடிக்குறிப்பு. அச்சில் இருந்தபடியே வந்தது. ஆனால் அதன் ஒலியளவு அத்தையை அப்படியே நிறுத்திவிட்டது. தாண்டிய கால் பின்னே போனது. கப்பலின் மேல்தளத்திலிருந்து சில தலைகள் எட்டிப் பார்த்தன. மேலே நின்ற பணியாளர் ஓடிவந்து அத்தையின் தோளைப் பிடித்தார். படகும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

அத்தை கப்பலைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். படகோட்டி கீழிருந்து, “பய்யெ, பய்யெ” என்றார். நல்லவேளையாக, எங்கள் ஊர் ‘பைய’வும் அவர் ஊர் ‘பய்யெ’யும் ஒரே பொருளுடையவை. மெதுவாக.

உட்கார்ந்ததும் அத்தை சிறிது நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“நேத்து நீ சாடுனதும் இதுக்குத்தானா?”

“ஆமா.”

“இத நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன?”

  தீவு வரும்வரை அத்தையின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. வளையல் பதிந்த அடையாளம் மாலைவரை மறையவில்லை.

ஊர் திரும்பிய அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அடுத்த அறையில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கூட்டிக் குறைக்காமல் உள்ளதைச் சொன்னார். மேல்தளத்தில் நான் கம்பிக்கு வெளியே குனிந்து நின்றது, மீன்குழம்பு, பிய்த்த ரொட்டி, பிளந்த கேன் எல்லாம் வந்தன. கேனைப் பற்றிக் கேட்டபோது அம்மா, “ஐயோ, தண்ணி!” என்றார். படகில் குதித்த மகளைப் பற்றி அவர் அப்போது கேட்கவில்லை. கடைசியாகவே இரண்டாவது தீவு வந்தது.

“கத்துனா பாரு தம்பி, கப்பல் சங்கு தோத்துது. இல்லன்னா நான் இப்ப இங்கன வந்து காப்பி குடிச்சிட்டிருக்க மாட்டேன்.”

“இவளா?”

“இவதான். எலக்கணமாக் கத்துனா. ஆனா கத்துனா.”

“நெசமாவா யக்கா?”

“உன்ட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

 அப்பா என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். காப்பித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

“பட்டணத்துல எங்கன இருப்ப?”

சில வாரங்களாக அந்த வீட்டில் கேட்கப்பட்டுவந்த கேள்வி, இவள் போகலாமா என்பதுதான். இவள் எங்கே தங்குவாள் என்று அதுவரை எவரும் கேட்டதில்லை. ஒரு சொல் மாறியதில் முடிவு சொல்லப்பட்டுவிட்டது. சொற்களையே படிப்பாகக்கொண்ட எனக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.  படகோட்டியின் மொழியில் அந்தக் கேள்விக்கு ‘எப்படி இருப்பாய்’ என்று பொருள். அதற்கு என்னிடம் விடை இல்லை. அப்பா நல்லவேளையாக நெல்லைக்காரர். அவர் கேட்டதற்கு விடை இருந்தது.

“மகளிர் விடுதில” என்றேன்.

“என்னது?”

“மகளிர் விடுதில.”

“ஒண்ணும் கேக்கல.”

“ஏட்டி, கப்பல்ல நிக்கதா நெனச்சுச் சொல்லு!” என்றார் அத்தை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரிய நீர் தெரிந்தது. “மகளிர் விடுதியில!” என்று கத்தினேன். அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் காலை ஊன்றி நின்று, எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

“சரி, சரி. பையச் சொன்னாப் போதும்” என்றார்.